புல்லில் கிடந்த போல்ட்டைப் பொறுக்கித் தந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

இந்த ஆண்டு எங்கள் வண்டிக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

சீனாவின் மக்காவ் நகரில் கடைசி ரேஸ் முடிந்த இரவே வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றிப் பூட்டினோம். ஏப்ரலில் தொடங்கிய ஓட்டம் நவம்பரில்தான் நின்றது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நான் ஓட்டுநர் இல்லை. தெருவில் ஓடும் கார்களையே ரேஸுக்கு மாற்றி ஓட்டும் டூரிங் கார் ரேஸில், ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு உலகம் சுற்றிய சிறிய தனியார் அணியில் தலைமை மெக்கானிக். இந்த மடலில் நான் நன்றி சொல்லப்போகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். ரேஸைத் திரையில் பார்க்கும் நம்மவர்களுக்கு ஓட்டுநர்களின் பெயர்கள் தெரியும், அணிகளின் பெயர்கள் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதை நானாவது சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒரு அம்மாவுக்கு.

ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங் ரேஸ் தடத்தின் நோர்ட்ஷ்லைஃபே பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காட்டுக்குள் ஏறி இறங்கி வளையும் 20.8 கிலோமீட்டர் பாதை. பக்கத்திலிருக்கும் புதிய தடத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வரும். எங்கள் ரேஸ் அங்கே மூன்றே சுற்றுதான். நாங்கள் வண்டியைக் கவனிக்கும் பிட்டில் வெயில் அடிக்கும்போது மறுகோடியில் மழை கொட்டும். வண்டி பிட்டைத் தாண்டிப் போனால் திரும்பி வர ஒன்பது நிமிஷம் ஆகும். அந்த ஒன்பது நிமிஷமும் எங்கள் கையில் எதுவும் இல்லை. வழி நெடுகக் கொடியோடு நின்று ஆபத்தை எச்சரிக்கும் மார்ஷல்களின் கண்ணில்தான் எங்கள் பையன் இருக்கிறான்.

இரண்டாவது பயிற்சி ஓட்டத்தில், பெர்க்வெர்க் வளைவைத் தாண்டி எங்கள் வண்டி நின்றுவிட்டது. இடது முன்சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. ஓட்டுநர் தம்பி எப்படியோ சுவரில் மோதாமல் புல்லில் இறக்கி நிறுத்தியிருந்தான். ரேடியோவில் நான் கேட்ட முதல் கேள்வி, "கெர்ப் மேல ஏறிட்டியா?" என்பதுதான். கெர்ப் என்றால் வளைவின் ஓரத்தில் இருக்கும் மேடான விளிம்பு. "இல்லண்ணா, நேராத்தான் போனேன். ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடுச்சு" என்றான். உண்மையைச் சொல்கிறேன், நான் அவனை நம்பவில்லை. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். முன் சஸ்பென்ஷன் உடைந்தால் பத்தில் ஒன்பது முறை கெர்ப்தான் காரணம்.

மாலையில் ரெக்கவரி லாரி வண்டியைக் கொண்டுவந்து இறக்கியது. கதவைத் திறந்தால் சீட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பை. முனை முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே மண் ஒட்டிய இரண்டு போல்ட் தலைகள், ஒரு நட், வளைந்த ஒரு வாஷர். தம்பியிடம் கேட்டேன். அந்த இடத்து மார்ஷல் போஸ்ட்டில் நின்ற ஒரு வயதான அம்மா, வண்டிகள் போகாத இடைவெளியில் புல்லில் தேடிப் பொறுக்கினார் என்றான். மழை வந்ததும் தன் மழைக்கோட்டைக் கழற்றி இவன் தோளில் போட்டுவிட்டு, அவர் நனைந்துகொண்டே கொடியைப் பிடித்து நின்றாராம்.

அந்தப் போல்ட் தலைகளை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒரே அடியில் உடைந்த இரும்பின் முகம் சொரசொரப்பாக, மணல் மணலாக இருக்கும். இதில் பாதி முகம் வழவழப்பாக இருந்தது. கடலோர ஈரமணலில் அலை விட்டுப்போகும் வரிகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள். கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசியில் தாங்க முடியாமல் விட்ட போல்ட் அது. கெர்ப் காரணமில்லை. சக்கரத்தைத் திரும்ப விடும் மூட்டான பால் ஜாயின்ட்டை, லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையோடு பிடித்திருந்த மூன்று போல்ட்களும் முன்பே தளர்ந்திருக்கின்றன. இறுக்கம் போன போல்ட் ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் வளைந்து வளைந்து அலுத்துப்போகும்.

ஏன் தளர்ந்தன என்பதும் பிறகு தெரிந்தது. அந்த ஆர்ம் புதிதாகப் பவுடர் கோட்டிங் பூசி வந்திருந்தது. போல்ட் தலை உட்காரும் இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஓட ஓடப் பூச்சு நசுங்கி, குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சத்தம் போடும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பிடித்த இறுக்கமெல்லாம் போய்விடும். நான் சுரண்டவில்லை. இறுக்கியதும் நான்தான். உடனே வலது பக்கம் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். கிளிக் என்ற சத்தம் வருவதற்குள் போல்ட் கால் சுற்றுச் சுழன்றது.

அந்தப் பை வந்திருக்காவிட்டால், கெர்ப் என்று முடிவுகட்டி இடது பக்கத்தை மட்டும் மாற்றியிருப்பேன். மறுநாள் டோட்டிங்கர் ஹோஹே நேர்பாதையில், 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், வலது சக்கரம் விட்டுப்போயிருக்கும். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அம்மா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் வாரம் அது. எங்கள் ரேஸ் முடிந்த பிறகும் இரவெல்லாம் நின்றிருப்பீர்கள். உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல், லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள். நீங்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் 1976-இல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லாடாவின் கார் தீப்பிடித்தது. தடம் அவ்வளவு நீளம். தீயணைப்பு வரும்வரை காத்திருக்க முடியாது. பின்னால் வந்த மெர்ஸாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் நான்கு பேரும் வண்டியை நிறுத்தி, தீக்குள் கைவிட்டு அவரை இழுத்தார்கள். அந்தக் கதையை மெக்கானிக்குகள் எல்லோரும் அறிவோம். 2000-இல் மோன்சாவிலும் 2001-இல் மெல்போர்னிலும், தெறித்து வந்த சக்கரம் பட்டு மார்ஷல்கள் உயிரிழந்ததையும் அறிவோம். அப்படியிருந்தும் ஒரு நட்டுக்காகவும் வாஷருக்காகவும் நீங்கள் புல்லில் குனிந்தீர்கள். அந்தப் பை என் டூல் பாக்ஸின் மேல்தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ரெஞ்சை எடுக்கும்போதும் அது கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.

தம்பி, உனக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ சொன்னதை நம்பாததற்கு மன்னித்துக்கொள். அன்று இரவு போல்ட்டை உன் கையில் கொடுத்து, "தப்பு என்னோடது" என்றபோது, "சரிண்ணா, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டாய். மறுநாள் அதே வண்டியில் ஏறி மூன்று சுற்றும் ஓட்டினாய். பெல்ட்டை இறுக்கிவிடும்போது என் கைதான் நடுங்கியது. உன் கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லை.

அடுத்த நன்றி, புள்ளிப் பட்டியலில் எங்களுக்கு நேர்மேலே இருந்த அணிக்கு.

போர்ச்சுகலின் வில்லா ரியால், ஊர்த் தெருக்களில் நடக்கும் ரேஸ். 1931-இலிருந்து அங்கே வண்டி ஓடுகிறது. இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. தவறினால் வண்டியை விடுவதற்குப் புல்லும் இல்லை, சரளைக்கல்லும் இல்லை. ஜோக்கர் லேப் என்று ஒரு விதி உண்டு: ரவுண்டானாவில் நீளமான மாற்றுவழியாக ஒருமுறை கட்டாயம் சுற்றி வர வேண்டும். 2017-இல் டூரிங் கார் ரேஸில் முதன்முதலாக அது வந்தது இந்த ஊரில்தான். எப்போது சுற்றுவது என்று கணக்குப் போடவே எங்கள் இன்ஜினியர் இரண்டு நாள் செலவழித்திருந்தார். தகுதிச் சுற்றில் வண்டி தடுப்பில் இடித்து, முன்சக்கர பாகங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் வளைந்தது. எங்களிடம் இருந்த ஸ்பேர் வேறொரு கன்டெய்னரில், வேறொரு நாட்டில்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த அணியின் தலைமை மெக்கானிக் தானாக வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். போனார். பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் ஒரு சப்ஃப்ரேமைத் தூக்கிவந்து எங்கள் டென்ட்டில் வைத்தார்கள். அவர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். மறுநாள் அவர்கள் வண்டி இடித்திருந்தால் மாற்றுவதற்கு எதுவுமில்லை.

அதோடு அவர் தூங்கவும் போகவில்லை. இரவு இரண்டு மணிக்கு அலைன்மென்ட் பார்த்தோம். வண்டியின் இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டி, சக்கர விளிம்பிலிருந்து நூல்வரை ஸ்கேல் வைத்து சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோவை அரை மில்லிமீட்டர் கணக்கில் பிடிக்கும் பழைய முறைதான். நூலின் மறுமுனை ஸ்டாண்டைக் காலால் அணைத்து, டார்ச்சைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான். என் தகப்பனார் வயது இருக்கும். இருவருக்கும் பொதுவான மொழி எதுவுமில்லை. நான் விரலால் எண்ணைக் காட்டுவேன், அவர் தலையசைப்பார். மறுநாள் ஜோக்கர் லேப்பிலிருந்து எங்கள் வண்டி வெளியே வரும்போது அவர்கள் வண்டி பக்கத்தில் இருந்தது. கதவோடு கதவு உரசின. அவர்கள்தான் முன்னால் போனார்கள். ரேஸ் முடிந்ததும் அவர் எங்களிடம் வந்து முதலில் சப்ஃப்ரேமைப் பற்றித்தான் விசாரித்தார். ஐயா, அதைக் கழற்றிக் கழுவி உங்களிடம் திருப்பிக் கொடுத்தபோது சரியாக நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. இதை யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

டயர் டென்ட்டில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுடையது முன்சக்கர இயக்கம். திருப்புவதும் இழுப்பதும் முன் டயர்தான், பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவதும் அதுவே. பின் டயர் பின்னாலேயே ஓடி வருகிறது. அதனால் முன்னது சூடேறித் தேயும், பின்னது முதல் சுற்றுகளில் சூடே ஏறாமல் வண்டியின் வாலைச் சுழற்றிவிடும். எந்த டயரை எங்கே போடுவது என்று நாங்கள் கடைசி நிமிஷத்தில் மனதை மாற்றிக்கொண்டு ஓடி வரும்போதெல்லாம், முகம் சுளிக்காமல் கழற்றி மாட்டித் தந்தீர்கள். 2018-இல் இத்தாலிய ஓட்டுநர் கேப்ரியேலே டார்குவினி 56 வயதில் உலக டூரிங் கார் கோப்பையை வென்றது வெறும் 3 புள்ளி வித்தியாசத்தில், அதுவும் 30 ரேஸ் ஓடி. ஒவ்வொரு டயர் முடிவும் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வண்டியை நாடு நாடாக ஓட்டிக்கொண்டுவந்த லாரி ஓட்டுநர் அண்ணனுக்கு, எல்லைச் சாவடியில் காகிதங்களை அடுக்கிவைத்துக் காத்திருந்த இரவுகளுக்காக நன்றி. வண்டி விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அதிகாரிகளுக்கு நன்றி. கண்டிப்பாக இருந்தீர்கள், எல்லோரிடமும் ஒரே மாதிரி இருந்தீர்கள். ஜப்பானின் சுஸுகாவில் ரேஸ் முடிந்து பார்வையாளர் மேடை காலியான பிறகும், நாங்கள் பிட்டை மூடும்வரை நின்று கையசைத்த சிறுவர்களுக்கும் நன்றி. பணம் போட்டவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மக்காவ் நகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 6.12 கிலோமீட்டர் குயா தடத்தில் மெல்கோ வளைவு 7 மீட்டர் அகலம்தான். ஒரு வண்டி குறுக்கே நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் அடைத்துக்கொள்ளும். அங்கே தடுப்புக்கு வெளியே கிரேன்கள் தயாராக நிற்கின்றன. கொக்கி மாட்டுகிறவர் வண்டிக்கு ஓடுவதும், பெல்ட் கட்டுவதும், வண்டி அந்தரத்தில் எழும்புவதும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது. முதல் ரேஸில் எங்கள் வண்டியையும் தூக்கினார்கள். அடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறக்கிவைத்தார்கள். அதனால்தான் கடைசி ரேஸில் எங்களால் புறப்பட முடிந்தது, முடிக்கவும் முடிந்தது. இந்த ஆண்டில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடமும் அன்றுதான். அந்த இடம் கிரேன் ஆட்களுக்கும் சொந்தம்.

எங்கள் குழுவில் எல்லோரிலும் இளைய மெக்கானிக் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நூர்பர்க்ரிங்குக்குப் பிறகு, நான் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் நீ இரண்டாம் முறை சோதித்து, மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டாய். நான் சொல்லாமலே செய்தாய். என் வேலையைச் சோதிக்கிறோமே என்று தயங்கி, முதல் நாள் நான் பார்க்காத நேரத்தில் செய்தாய். இனி நான் பார்க்கும்போதே செய்.

வீட்டில் இருக்கிறவளுக்கு. எட்டு மாதத்தில் நான் உன்னோடு இருந்த நாட்கள் மிகக் குறைவு. நூர்பர்க்ரிங்கில் அன்று இரவு போன் செய்து, ஒன்றும் பேசாமல் இருந்தேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.

வண்டி இப்போது கடலில் இருக்கிறது. வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக முன்பக்கத்து இரண்டு லோயர் ஆர்ம்களையும் கழற்றுவேன். போல்ட் உட்காரும் இடத்தை விரலால் தடவி, இரும்பு தெரிகிறதா என்று பார்ப்பேன்.

அன்புடன்,
தலைமை மெக்கானிக்