மாடு சொல்லிவிட்டுத்தான் உதைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றும் குடும்பங்கள் ஏராளம். கறக்கும்போது மாடு உதைத்தால், "கொழுப்பேறிப் போச்சு" என்று பின்னங்காலை இறுக்கிக் கட்டுவதும் தடியெடுப்பதும் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை. மாட்டுக்கு வீம்பு தெரியாது. பயம் தெரியும், வலி தெரியும்.

உதைப்பதற்கு முன் அது காலை மாற்றி மாற்றி ஊன்றும். வாலை இடுக்கும். காது பின்னுக்குப் போகும், கண்ணில் வெள்ளை கூடுதலாகத் தெரியும். பக்கவாட்டில் கண் அமைந்திருப்பதால் மாடு ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறம் அதற்குக் குருடு. அங்கிருந்து சத்தமில்லாமல் போய் மடியைத் தொட்டால் எந்த மாடும் உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் வந்து, இடுப்பில் கைவைத்து, கையை எடுக்காமல் மடிக்கு இறக்குங்கள். மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரந்து, பாலை இறக்கும் ஒட்சிடோசின் என்ற ஹோர்மோனைத் தடுத்துவிடும். தடியால் அடித்துக் கறப்பவருக்குப் பால் குறைவது இதனால்தான்.

ஒரே ஒரு காம்பைத் தொடும்போது மட்டும் உதைத்தால் அங்கே வலி என்று அர்த்தம். அந்தப் பக்கம் சூடாக, கல்லுப்போல இருக்கும். முதல் மூன்று நான்கு பீச்சைக் கறுப்புப் பாத்திரத்தில் விட்டுப் பாருங்கள்; திரிதிரியாக வந்தால் மடியழற்சி, அதாவது மடிநோய். அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து கையைக் கழுவுங்கள், வைத்தியரையும் அழையுங்கள்.

சினைப் பருவத்துக்கு வந்த மாடு, மற்ற மாடு மேலே ஏறினால் விலகாமல் நிற்கும். தனியாகக் கட்டிய மாட்டில் இதைப் பார்க்க வழியில்லை; நம்மவர்கள் பருவத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஓயாமல் கத்துவது, தீனியில் நாட்டமில்லாதது, பின்புறம் கண்ணாடிபோல வழும்பு தொங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். விடியலிலும், இரவு படுக்கப்போகுமுன் டோர்ச் அடித்தும் பார்க்கவேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி. தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

மிக அவசரமானது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடாக இராது. நிறையப் பால் தரும் மாட்டுக்கு, கன்று போட்ட மூன்று நாளுக்குள் இரத்தத்தில் கல்சியம் இறங்கி வருவது. காது சில்லிடும், தள்ளாடி விழுந்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக் கிடக்கும். குளிர் என்று நினைத்துக் கஷாயம் ஊற்றிவிடாதீர்கள்! விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் அது நுரையீரலுக்குப் போய்விடும். நெஞ்சு நிலத்தில் படும்படி இருத்தி, இரு பக்கமும் வைக்கோல் சாக்கை முட்டுக்கொடுங்கள். பக்கவாட்டில் நீட்டிப் படுத்தால் வயிறு ஊதும். வைத்தியரிடம் கன்று போட்ட நாளை முதலில் சொல்லுங்கள்.

முதுகைக் கூனி நிற்பது, தன் வயிற்றையே உதைத்துக்கொள்வது, இடப்பக்க விலா மேடுகட்டுவது எல்லாம் தாமதிக்கக்கூடாத அறிகுறிகளே. நல்ல மாடு படுத்து, காதைத் தளரவிட்டு, நாளுக்கு ஏழெட்டு மணிநேரம் அசைபோடும். ஒரு கவளத்தை 50, 60 தடவை மெல்லும். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பால் சேகரிக்கும் இடங்களில் இவற்றைப் படங்களாக, தமிழில் ஒட்டிவைக்க வேண்டும். காலையும் மாலையும் பால்கேனோடு மக்கள் வரிசையில் நிற்பது அங்கேதான்.

இப்படிக்கு,
கால்நடை வளர்ப்போர் சிலர்,
ஹட்டன்