மூன்றாம் முழுமைத் திட்டம்: வண்ணம் தீட்டுமுன் சர்வே எண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் சென்னைத் தெருக்களில் தண்ணீர் நிற்கும்போது, "இந்த இடத்தில் கட்ட அனுமதி கொடுத்தது யார்?" என்ற கேள்வி உங்கள் பக்கங்களில் எழுகிறது. ஒரே ஓர் அலுவலகத்தைக் கைகாட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. சென்னைப் பெருநகரில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுப்பது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவருகிறது. எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்பகுதி என்று வண்ணம் தீட்டுவதற்கு முன், அந்த நிலத்தைக் கட்டுப்படுத்தும் எல்லாக் கோடுகளையும் ஒரே சர்வே எண் வரைபடத்தில் போட்டு மக்கள் முன் வைக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

அரசமைப்பில் நிலமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் உள்ளன. காடும் வன உயிரினமும் 1976-ல் 42-வது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாறின. சுற்றுச்சூழலுக்கென்று தனிப் பதிவு மூன்று பட்டியல்களிலும் இல்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றுவதாகச் சொல்லி, 253-வது பிரிவைக் கொண்டு 1986-ல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. கடலோர ஒழுங்குமுறை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, ஈரநிலப் பாதுகாப்பு மூன்றும் அந்தச் சட்டத்தின் கீழ் டெல்லி வெளியிட்ட அறிவிக்கைகளும் விதிகளும்தான். பெருந்துறைமுகம், ரயில்வே, விமான நிலையம் ஆகியவை ஒன்றியப் பட்டியலில் வருகின்றன. 74-வது திருத்தம் நகரமைப்பை 12-வது அட்டவணையின் முதல் பதிவாக்கி, உள்ளாட்சியிடம் ஒப்படைக்கலாம் என்றது. ஆனால் சென்னையில் திட்டம் வகுக்கும் அதிகாரம் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாநில அரசின் குழுமத்திடமே இருக்கிறது.

இப்படி அதிகாரம் பிரிந்திருப்பதைத் தவறென்று சொல்லவில்லை. கூட்டாட்சி என்றால் பிரிந்துதான் இருக்கும். ஒருவர் வரைந்த கோடு இன்னொருவர் மேசையில் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

ஏரியை எடுத்துக்கொள்வோம். ஈரநிலங்களைக் காக்க 2017-ல் வந்த ஒன்றிய விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை 'ஈரநிலம்' என்ற வரையறையிலிருந்தே விலக்குகின்றன. நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. ஆக, ஏரியைக் காக்க மிஞ்சுவது 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அது நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரியை அளந்து எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் சட்டம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் இருபுறமும் பட்டா நிலம் மனையாக மாறுவதை அதனால் தடுக்க முடியாது. அதைத் தடுக்கக்கூடியது நிலப் பயன்பாட்டு வரைபடம் மட்டுமே.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2022-ல் ராம்சார் தலமானபோது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தபோது, அதன் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதில் ஒரு பகுதி காப்புக்காடு. அங்கே வனச் சட்டம் பேசும். மீதிக்கு ஈரநில விதிகள் பேச வேண்டும். ராம்சார் எல்லை எந்தெந்த சர்வே எண்களின் வழியாகப் போகிறது என்பது தரையில் அளந்து சொல்லப்படாதவரை, திட்ட அனுமதிக் கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அந்த எல்லை கண்ணில் படாது. சதுப்பைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அதில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. அந்தப் பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாளர் வேறு.

கடலோரத்தில் சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் தயாராகும். ஊர் மட்டத்தில் பயன்படுத்த 1:3,960 அளவிலோ அதை ஒட்டிய அளவிலோ சர்வே எண்ணோடு வரைபடம் வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. 1:25,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் கோட்டின் தடிமன் தரையில் 25 மீட்டர். அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு போன்ற ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறும் நீர்வழிகளின் கரையில் கட்டுப்பாடே 50 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுதான். பேனா முனையில் பாதிப் பாதுகாப்பு கரைந்துவிடும். ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதையும் வறண்ட காலத்தில் உப்பு அளந்தே முடிவு செய்ய வேண்டும். தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம்வரை என்பது கணக்கு. எந்த மாதத்தில், எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிட வேண்டும்.

அடுத்தது தடையின்மைச் சான்று (என்ஓசி). வெள்ளம் தேங்கும் இடத்தில் மனை கேட்டால், நீர்வளத் துறை பொதுவாக மண் நிரப்பி இவ்வளவு உயர்த்த வேண்டும், இந்த அளவில் சிறுபாலம் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுச் சான்று தருகிறது. அந்த ஒரு மனைக்கு அது சரியான நிபந்தனையாகவே இருக்கலாம். ஆனால் பத்து மனைகள் அப்படி உயர்ந்தால், அங்கே நின்ற தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும். பத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் மேசை எங்குமில்லை. 2006-ம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் இங்கே கைகொடுக்காது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் அது ஒரு கட்டடத்தைக் கவனிக்கும். அதன் பிறகும், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுவாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. கூட்டு விளைவைக் கணக்கிட வேண்டிய இடம் முழுமைத் திட்டம்தான்.

ஒன்றிய அரசின் கட்டுமானங்கள் தனிக்கதை. 1989 ரயில்வே சட்டத்தின் 11-வது பிரிவு, வேறெந்தச் சட்டம் இருந்தாலும் தன் பணிகளைச் செய்யும் அதிகாரத்தை ரயில்வேக்குத் தருகிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்பதை மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை யாரும் பார்க்கலாம். மாநிலத் திட்டம் இத்தகைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்பதாலேயே, வரைவு நிலையில் அவற்றின் எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கி வெளியிடுவது இன்றியமையாதது.

ஜெர்மனியும் கூட்டாட்சி நாடுதான். பதினாறு மாநிலங்கள். அங்கே ஊராட்சிகளும் நகராட்சிகளுமே நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும், அதற்குக் கீழே கட்டட விவரங்களைச் சொல்லும் சட்டவலிமை கொண்ட திட்டத்தையும் வகுக்கின்றன. அவை மாநில, வட்டாரத் திட்ட இலக்குகளுக்கு இசைய வேண்டும். மேல்மட்டமும் தன் பங்குக்குக் கீழ்மட்டத்தின் தேவைகளைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. வெள்ளத்துக்கு வந்தால், நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்ற அளவைக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த வெள்ளம் பரவும் எல்லையை மாநிலம் வரைகிறது. அதற்குள் புதிய குடியிருப்புப் பகுதியை நகராட்சி பொதுவாகத் திட்டமிட முடியாது. அளவு, கோடு, வண்ணம் மூன்றும் மூன்று கைகளில் இருந்தாலும் வரிசை மாறுவதில்லை. நம் நாட்டிலும் வெள்ளச் சமவெளி மண்டலங்களுக்கான மாதிரி மசோதாவை ஒன்றிய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றில் தண்ணீர் வரும் நமக்கு அந்தச் சட்டம் மிக அவசியம்.

வரைவு வெளியானதும் என்ன நடக்கும்? 1971 சட்டத்தின் 26-வது பிரிவுப்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் பொத்தாம்பொதுவான மனுக்கள் குவிந்து பயனில்லாமல் போகின்றன. "எங்கள் பகுதி ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்ற மனுவுக்கு "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றுதான் பதில் வரும். கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு, அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) உள்ள வகைப்பாடு, வரைவில் தரப்பட்டுள்ள வண்ணம் ஆகிய ஐந்தையும் எழுதி, புலப்பட (நில அளவை வரைபட) நகலையும் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும். அ-பதிவேட்டை ஒருமுறை பார்த்தால் போதாது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் யுடிஆர் நில அளவைக்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஓடை, கழுவெளி, மேய்க்கால் என்று இருந்தது பின்னதில் வேறாக இருந்தால், அதுவே உங்கள் மனுவின் மையம். மனுவின் நகலை நீர்வளத் துறைக்கும் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். நேரில் கேட்கப்பட வேண்டும் என்றும் மனுவிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. பூங்காவுக்கோ நீர்வழி விரிவாக்கத்துக்கோ தனியார் நிலத்தைத் திட்டத்தில் ஒதுக்கினால், அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கை வெளியாக வேண்டும், அல்லது நிலத்தை உடன்பாட்டில் வாங்க வேண்டும். இல்லையெனில் 1971 சட்டத்தின் 38-வது பிரிவுப்படி அந்த ஒதுக்கீடு விலகிவிடும். ஆகவே வரைபடத்தில் பச்சையைப் பார்த்து நிறைவடையாமல், அந்த நிலத்துக்கான தொகை எந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் உள்ளது என்றும் கேட்க வேண்டும்.

அரசிடம் நாங்கள் கேட்பவை மூன்று. கடலோரக் கோடு, ராம்சார் எல்லை, காப்புக்காடு, ஏரி எல்லை, 2015, 2023 வெள்ளம் நின்ற இடங்கள் ஆகியவற்றைச் சர்வே எண் வாரியாக ஒரே படத்தில், வரைவுக்கு முன்பே இணையத்தில் வெளியிடுங்கள். அரசமைப்பின் 243-இசட்இ பிரிவு சொல்லும் பெருநகரத் திட்டக் குழுவின் முன், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள் அமரும் அவையில், வரைவை வையுங்கள். திட்டம் ஒப்புதலான பிறகு 1971 சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் செய்யும் ஒவ்வொரு நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும் அதே படத்தில், அதே மாதத்தில் குறியுங்கள்.

நகரமைப்புத் துறை சார்ந்த வாசகர்கள்,
சென்னை