தாடை அறுவை சிகிச்சை அழகுக்காகச் செய்வதல்ல: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தம்பியின் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வளர்ந்துவிட்டது. முன்பற்கள் சேராது, கொய்யாவைக்கூட நறுக்கித்தான் கொடுக்க வேண்டும், வேகமாகப் பேசினால் குழறும். இரண்டு தாடைகளையும் அறுத்து நகர்த்தி டைட்டானியம் பிளேட் வைத்துப் பொருத்தினார்கள். காப்பீட்டு நிறுவனம் "அழகு சிகிச்சை" என்று ஒரே வரியில் கிளெயிமை மறுத்துவிட்டது.

அவர்கள் காட்டியது நீங்கள் 2019இல் வகுத்த பொது விலக்குகளில் 08ஆம் குறியீட்டை. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் உண்டு, இல்லையென்றால் நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அந்த 'உடனடி'யில்தான் எங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். தாடை பொருந்தாதவர் நாளைக்கே சாகப் போவதில்லை, ஆனால் ஆயுள் முழுக்க ஒழுங்காக மெல்ல முடியாது, தாடை பின்தள்ளி இருப்பவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சே அடைபடுகிறது.

முகம் மாறியது உண்மைதான். எலும்பு நகர்ந்தால் மேலே இருக்கும் உதடும் கன்னமும் கூடவே நகரும். ஆனால் அழகுக்காக யாராவது இந்தப் பாட்டைப் படுவார்களா? அறுவைக்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் கிளிப் போட்டுப் பற்களை நிமிர்த்தினார்கள், அதில் தாடை முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தது, கல்லூரிக் கடைசி வருடத்தில் அவன் ஒரு போட்டோவுக்கும் நிற்கவில்லை. அப்புறம் வாரக்கணக்கில் கஞ்சியும் ஜூஸும். மேல்தாடையை முன்னால் கொண்டுவந்தால் மூக்கு கொஞ்சம் அகலமாகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். கீழுதடு மரத்துப்போவது மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்குப் போகவே போகாது.

மருத்துவமனை அனுப்பிய பக்கவாட்டுப் போட்டோக்களையே நிறுவனம் ஆதாரமாகக் காட்டியதுதான் பொறுக்கவில்லை. அவை எலும்பை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்று எக்ஸ்ரேயோடு சேர்த்துக் கணக்குப் போட எடுத்தவை.

தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை விடுங்கள். மெல்லுவது, பேசுவது, மூச்சு விடுவது இவற்றில் பாதிப்பு உண்டு என்று முகத்தாடை அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், தோற்றம் மாறுகிறது என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. மறுப்பதாக இருந்தால் அந்தத் துறை மருத்துவர் ஒருவர் கோப்பைப் படித்துக் கையெழுத்திடட்டும். அதையும் அறுவைக்கு முன்பே சொல்லிவிடட்டும். எங்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் அன்று காலையில் அம்மாவின் நகையை அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம்.