கொழுந்து பறிக்கும் விரலுக்கு எத்தனை மதிப்பெண்?

ஸ்கிளெரோடெர்மா ஆய்வில் இருக்கும் வாதநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட மருந்தகங்களில் செவிலியாக இருந்தவள். தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக வைக்கும் இந்த நோய்க்கு அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2013இல் சேர்ந்து வகுத்த அளவுகோலை, அதிகம் ஆராயப்படாத மக்களிடமும் சோதிக்க வேண்டும் என்கிறீர்கள். நல்ல காரியம். அப்படிச் சோதிக்கும்போது நீலகிரிக்கும் ஏறி வாருங்கள். நோயாளிகளைத் தேடி மட்டுமல்ல, நோய் இல்லாதவர்களின் கைகளையும் பார்க்க வாருங்கள்.

அளவுகோல் உங்களுக்கு மனப்பாடம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு கைகளிலும் விரல் தோலின் தடிப்பு, விரல் தொடங்கும் கணுவைத் தாண்டிப் புறங்கைப் பக்கம் ஏறியிருந்தால், அதற்கே 9 மதிப்பெண். இல்லையென்றால் கூட்ட வேண்டும். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனாடுக்கு 3, விரல் வீக்கத்துக்கு 2, விரல் நுனியின் குழித் தழும்புக்கு 3, நகத்தை ஒட்டிய ரத்த நுண்குழாய்களின் மாற்றத்துக்கு 2, குறிப்பிட்ட எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் 3, இப்படிப் போகும். 9ஐத் தொட்டால் ஸ்கிளெரோடெர்மா. இது ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் கணக்குதான், சிகிச்சைக்கான தீர்ப்பு அல்ல. ஆனால் புது மருந்து ஆய்வுகளில் இடம் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டலை வைத்துத்தானே?

2013 சரிபார்ப்பில் இந்த அளவுகோல் நோயாளிகளில் 91 சதவீதம் பேரைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 92 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. அந்த 92தான் எனக்கு உறுத்துகிறது. அது யாரோடு ஒப்பிட்டு வந்த எண்? வட அமெரிக்க, ஐரோப்பிய மையங்களுக்கு இதே மாதிரி அறிகுறிகளோடு வந்த மற்ற நோயாளிகளோடு. எங்கள் ஊரில் இந்த நோயைப் போலத் தோற்றம் காட்டுபவை வேறு.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையைப் பாருங்கள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் தேயிலைக் கறை ஏறிக் கருத்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. அதில் குழித் தழும்பு எது, பழைய வெட்டுக்காயம் எது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. நகத்தோரம் அடிபட்டு அடிபட்டு நுண்குழாய்களும் குலைந்திருக்கும். இப்போது ஆள் பற்றாக்குறையால் அறுவடை இயந்திரம் வந்திருக்கிறது. அதிர்வுக் கருவிகளைத் தொடர்ந்து பிடிப்பதாலேயே விரல் வெளுக்கும் என்பது தெரிந்த விஷயம். பச்சைத் தண்ணீரில் கேரட் கழுவுகிறவர்கள் வேறு. கை மரத்துப் போகிறதா என்று கேட்டால் எல்லாருமே ஆமாம் என்பார்கள். மூன்று மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுபக்கம், கொடுக்க வேண்டிய மதிப்பெண் கைநழுவவும் செய்யும். கறுத்த தோலில் விரல் வெளுப்பதும் சிவப்பதும் மங்கலாகத்தான் தெரியும். விரிந்த ரத்தக்குழாய்களின் சிவப்புப் புள்ளிகளுக்கு 2 உண்டு. அவையும் எங்கள் தோலில் ஒளிந்துகொள்ளும். நம்மவர்களிடம் பளிச்சென்று தெரிவது உப்பும் மிளகும் தூவியது போன்ற நிறமாற்றம். அதற்குப் பட்டியலில் இடமே இல்லை.

எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு மலையிறங்கிக் கோவைக்குப் போக வேண்டும். பலர் போவதில்லை. ரேனாட் 3, வீக்கம் 2, குழித் தழும்பு 3, மொத்தம் 8 என்று நிற்பவருக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் குறைகிறது. செய்யாத சோதனையைப் பூஜ்யம் என்று எழுதினால் அவர் நோயாளி இல்லை என்றாகிவிடும். தயவுசெய்து "செய்யவில்லை" என்று தனிக் கட்டம் போடுங்கள்.

இன்னொன்று. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய் அரிவாள் செல் நோய். இந்தியாவில் அதன் மரபை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அந்த நோயிலும் குளிர் பட்டால் கைகால் வலி வரும். தொழுநோயிலும் விரல் குட்டையாகும். இவர்களையும் ஒப்பீட்டுக் குழுவில் வையுங்கள். அப்புறம் படுகர், தோடர், கோத்தர், இருளர், பணியர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் எல்லாரையும் "மலைமக்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தோடர்கள் சில ஆயிரம் பேர்கூடத் தேறுவது சந்தேகம். இத்தனை அரிய நோய்க்கு அவர்களிடம் சதவீதம் கணக்கிடுவதில் அர்த்தமில்லை. "கோத்தகிரி அருகே ஒரு கிராமத்தில் 43 வயதுத் தோடர் பெண்" என்று கட்டுரையில் எழுதினால் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை, அதே ஆட்களைப் பாருங்கள். நகத்தோரம் பார்க்கத் தோல் மருத்துவர்கள் தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் கையடக்க டெர்மாஸ்கோப்பே போதும், பெரிய கருவி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது. வேலை நாளில்தான் முடியும் என்றால் அன்றைய கூலியை ஆய்வுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டச் செவிலி ஒருத்தி