செடி ஸ்டாண்டு சாய்ந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், திருவான்மியூர், சென்னை

பெறுநர்:
குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று தட்டு இரும்புச் செடி ஸ்டாண்டு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

ஆகஸ்ட் 9ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் ₹2,490 கொடுத்து இந்த ஸ்டாண்டை வாங்கினேன். செப்டம்பர் 2ஆம் தேதி காலை அது சாய்ந்துவிட்டது. உங்கள் சாட்டில் வந்த மூன்று பேரும் ஆர்டர் எண்ணை மட்டும்தான் கேட்டார்கள், அதனால் நடந்ததை முழுவதும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஹாலில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. தரையில் வரிசையாகத் தொட்டி வைத்தால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், பெருக்கித் துடைக்கவும் தொல்லை. படிப்படியாக உயர்த்தி வைத்தால் எல்லாச் செடிக்கும் வெளிச்சம் கிடைக்குமே என்றுதான் ஸ்டாண்டு தேடினேன். உச்சித் தட்டில் கொடி தொங்குகிற மணி பிளான்ட், நடுவில் பெரணி, வெளிச்சம் குறைந்த கீழ்த்தட்டில் எதையும் தாங்கிக்கொள்ளும் ஸ்நேக் பிளான்ட். வைத்த அன்று வந்தவர்கள் எல்லோரும் அந்த மூலையைத்தான் பார்த்தார்கள். அழகில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் புகார் எடையைப் பற்றியது. உங்கள் விளம்பரப் படத்தில் உச்சித் தட்டில் பெரிய பீங்கான் தொட்டியும் அதில் அடர்த்தியான அரிக்கா பாமும் நிற்கின்றன. அதைத் தாங்குகிற ஸ்டாண்டு என் எட்டு அங்குல மண்தொட்டியைத் தாங்காதா என்று நம்பிவிட்டேன். ஒரு தட்டுக்கு 5 கிலோதான் என்பது பெட்டிக்குள் ஸ்க்ரூ கவரோடு ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. சாய்ந்த பிறகு அதே அளவு தொட்டி ஒன்றை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். மண் காய்ந்திருந்தபோது 6.4 கிலோ, தண்ணீர் ஊற்றியதும் 7.7. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தென்னை நார்க்கழிவு கலந்த மண் அதைச் சீக்கிரம் விடவும் விடாது. செடி ஸ்டாண்டு என்று பெயர் வைத்து விற்கிறவர்களுக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

அன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன், உச்சித் தட்டின் வெல்டிங் விட்டு மூன்று தொட்டிகளும் தரையில். என் நான்கு வயது மகள் வழக்கமாக அந்த ஜன்னலடியில்தான் உட்கார்ந்து படம் வரைவாள். அன்று பால் குடிக்க உள்ளே போயிருந்தாள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

இன்னொன்று, துருப்பிடிக்காது என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்குக் கடற்காற்று வரும், உண்மைதான். ஆனால் மூன்றே வாரத்தில் கால்களின் அடியில் பெயின்ட் உரிந்து, வெள்ளை டைல்ஸில் நான்கு பழுப்பு வட்டங்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் இரண்டு போய்விட்டன, மற்ற இரண்டு மங்கலாக இன்னும் இருக்கின்றன. கும்பகோணத்தில் என் அம்மா, பழைய தையல் மெஷினின் இரும்புக் காலில் பலகை போட்டு இருபது வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறார். அதைப் பழசு என்று கிண்டல் செய்தவள் நான்தான்.

உங்கள் சாட்டில் கிடைத்த பதில்: திருப்பி அனுப்பும் 7 நாள் முடிந்துவிட்டது, அதிகமாகத் தண்ணீர் ஊற்றியது வாடிக்கையாளரின் தவறு. இதை நான் ஏற்கவில்லை. முழுப் பணத்தையும், உடைந்த மூன்று தொட்டிகளுக்கு ₹720-ஐயும் தந்து, ஸ்டாண்டை உங்கள் செலவில் எடுத்துப் போங்கள். தாங்கும் எடையை விற்பனைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதற்குள் நடக்காவிட்டால் 1915-ஐ அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன்.

மணி பிளான்ட் பிழைத்துவிட்டது. அதற்கு நஷ்டஈடு கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், துண்டுச் சீட்டின் படம், உடைந்த ஸ்டாண்டின் படங்கள்