மருமகனுக்கு, 121 தோல்விக்குப் பிறகு

அன்புள்ள மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கறுப்புத் தொப்பி, நம்ம சிகாகோ பேஸ்பால் டீம் ஒயிட் சாக்ஸ் தொப்பி, என் கார் பின் சீட்டில் கிடந்தது. மறந்து விட்டுப் போய்விட்டாய் என்று நினைத்து அக்காவுக்குப் போன் போட்டேன். "மறக்கலடா, வேணும்னேதான் விட்டுட்டு வந்திருக்கான். இனிமே அவன் கப்ஸாம்" என்றாள். கப்ஸ் இதே ஊரின் இன்னொரு டீம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரில் பேசினால் காதில் ஏதாவது மாட்டிக்கொள்வாய். வாட்ஸ்அப்பில் மூன்று வரிக்கு மேல் போனால் ஒரு கட்டைவிரலை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். தமிழில் எழுதுவதும் ஒரு தந்திரம்தான். உன் வாரயிறுதித் தமிழ் வகுப்பு வேகத்துக்கு இதைப் படித்து முடிக்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். புரியாத இடத்தில் அம்மாவைக் கேள்.

கப்ஸுக்குப் போவது உன் இஷ்டம். அங்கேயும் இந்த 2024இல் 83 வெற்றி, 79 தோல்வி, பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்று, கிடையாது என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிடுகிறேன். அம்மாவிடம் நீ சொன்ன காரணம்தான் எனக்கு ஆறவில்லை. "அந்த பிளேயர்ஸ் யாருக்கும் ஆடவே தெரியல" என்றாயாம்.

தெரியவில்லைதான். நம்ம சாக்ஸுக்கு 41 வெற்றி, 121 தோல்வி. ஊரிலிருந்து தாத்தா போனில் இதைக் கேட்டுவிட்டு, "நூத்தி இருபத்தொண்ணுக்கு ஆல் அவுட்டா?" என்றார். அது ரன் இல்லை, தோற்ற ஆட்டங்களின் எண்ணிக்கை என்று அவருக்குப் புரியவைக்கவே பத்து நிமிஷம் ஆனது. "ஆறு மாசத்துல அத்தனை தடவை தோக்க முடியுமாடா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பேஸ்பாலில் அது லேசான காரியம் இல்லை. 162 ஆட்டத்தில் எவ்வளவு மோசமான டீமும் ஐம்பது அறுபது ஜெயித்துவிடும். எதிராளிக்கும் ஒரு நாள் தலைவலி வரும், நம் பக்கம் ஒரு காற்று அடிக்கும். 1962இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதே, அது புத்தம்புது டீம். மற்ற டீம்கள் வேண்டாம் என்று கழித்துவிட்ட ஆட்களைப் பொறுக்கி எடுத்துத் தொடங்கிய முதல் வருஷம். 62 வருஷமாக அந்தக் கணக்கை யாரும் தாண்டவில்லை. 2003இல் டெட்ராய்ட் டைகர்ஸ் 119 வரை போய் மயிரிழையில் தப்பித்தது. அதைத் தாண்டியது 1901லிருந்து ஆடிக்கொண்டிருக்கிற நம்ம ஒயிட் சாக்ஸ்.

அதற்கு ஆட்டக்காரர்கள் மட்டும் போதாது மாப்ளே. மேல்மாடியில், முதலாளி அறையில், ரொம்ப நாள் உழைத்திருக்க வேண்டும்.

நீ சாக்ஸ் ஆள் ஆன ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2021 ஆகஸ்ட் 12. அயோவாவில் சோளக்காட்டு நடுவே மைதானம் போட்டு யாங்கீஸோடு ஆடினார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் நாலு ரன் அடித்து 8-7 என்று முந்திக்கொண்டதும் நீ சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டாய். அப்புறம் டிம் ஆண்டர்சன் அடித்த பந்து சோளத்துக்குள் போய் விழுந்தது, 9-8. பத்து வயசுப் பையன் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை குதித்தாய். அந்த வருஷம் 93 வெற்றி, டிவிஷன் பட்டம். ஆண்டர்சன், லூயிஸ் ராபர்ட், எலோய் ஹிமெனெஸ், யோவான் மொன்காடா, டிலன் சீஸ் என்று எல்லாரும் இளசுகள். இன்னும் ஐந்து வருஷத்துக்கு நம்ம ராஜ்யம்தான் என்று நானே உன்னிடம் சொன்னேன். அப்புறம் எண்ணிக்கையைப் பார்: 93, 81, 61, 41. ஒவ்வொரு வருஷமும் படி இறங்குகிற மாதிரி. நம்ம மைதானத்துக்குப் பெயர் கொடுத்த கம்பெனியின் சின்னமே அப்போது கீழே பார்க்கிற சிவப்பு அம்பு. மாட்டினவர்களுக்குத் தோன்றவில்லை, உனக்குத்தான் முதல் நாளே தோன்றியது.

இறக்கம் எங்கே ஆரம்பித்தது? என்னைக் கேட்டால் 2020 முடிவில். பன்னிரண்டு வருஷம் கழித்து டீமை பிளேஆஃபுக்குக் கூட்டிப்போன மேனேஜரை, அதாவது தலைமைக் கோச்சை, அனுப்பிவிட்டு, டோனி லா ரூஸாவைக் கொண்டுவந்தார்கள். அவர் பெரிய ஆள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வயசு 76, கடைசியாக டீம் நடத்தியது 2011இல். 1986இல் இதே டீம் அவரை வேலையை விட்டு அனுப்பியது. அதை நினைத்து முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபுக்கு முப்பத்து நாலு வருஷமாக மனசு உறுத்தல். ஆக ஒரு மனுஷரின் பழைய உறுத்தலைத் தீர்க்க ஒரு இளம் டீமைக் கொடுத்தார்கள். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி.

அப்புறம் காசு. 1981லிருந்து டீம் அவர் கையில். சிகாகோ நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். இத்தனைக்கும் இந்த டீம் இதுவரை ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர்தான், ஐந்து வருஷத்துக்கு. மற்ற டீம்களில் அதை நடுத்தரம் என்பார்கள். ஆனால் புது மைதானம் கட்ட வேண்டும், அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று இந்த வருஷம் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் நின்றார். இப்போது இருக்கிற மைதானமும் அப்படி வந்ததுதான். 1988இல், தராவிட்டால் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். ஜூன் 30 நள்ளிரவுக்குள் சட்டம் நிறைவேற வேண்டும், நேரம் தாண்டிவிட்டது. சட்டசபைக் கடிகாரத்தை நிறுத்திவைத்து ஓட்டெடுப்பை முடித்தார்கள். பார்க்கிங்கில் பழைய மைதானமான காமிஸ்கி பார்க்கின் ஹோம் பிளேட் இருந்த இடத்தில் கல் பதித்திருக்கிறார்களே, அதன்மேல் நீ பேட் பிடிக்கிற மாதிரி நின்றாய், நான் போட்டோ எடுத்தேன். அந்தக் கல்லுக்கு நேர் எதிரே நிற்பது கடிகாரத்தை நிறுத்திக் கட்டிய கட்டடம்.

சரி, உன் பிளேயர்ஸுக்கு வருகிறேன்.

மார்ச் 28 சீசன் தொடங்கியது. ஏப்ரல் 9க்குள் ஹிமெனெஸ், ராபர்ட், மொன்காடா மூன்று பேருக்கும் பேஸுக்கு, ரன் எடுக்கத் தொட வேண்டிய இடத்துக்கு, ஓடும்போது தசை இழுத்துக்கொண்டது. பதிமூன்றே நாள். முதல் 25 ஆட்டத்தில் 22 தோல்வி. நல்ல டீம் என்றால் இந்த மாதிரி நாளுக்கு உள்ளே ஆள் வைத்திருக்கும். நம்மிடம் பெஞ்சில் இருந்தவர்கள் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் கீழ்மட்ட லீகில் பழுத்திருக்க வேண்டிய பிள்ளைகள். சீசன் முழுக்க 507 ரன். முப்பது டீமில் அதுதான் கடைசி.

சீஸை மார்ச்சிலேயே சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலை 25 அவர் அந்த டீமுக்காக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டம் வீசினார். அன்று நாம் எங்கே இருந்தோம் தெரியுமா? தொடர்ந்து 21 தோல்வி என்ற குழியின் நடுவில். ஜூலை 10இல் விழுந்தவர்கள் ஆகஸ்ட் 6இல்தான் எழுந்தார்கள். எழுந்த இரண்டாம் நாள் மேனேஜர் கிரிஃபோலுக்கு வேலை போனது. 28 வெற்றி, 89 தோல்வி என்று கணக்கு எழுதிக் கையில் கொடுத்தார்கள். அவர் நல்ல மேனேஜர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடுப்பில் அரிசியே போடாமல் சமையல்காரரை மாற்றி என்ன பிரயோஜனம்?

பந்து வீசுகிற கேரட் க்ரோஷேவை எடுத்துக்கொள். உனக்குப் பிடித்த ஆள், அந்த உயரமும் இடது கையும். 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஆல் ஸ்டார். வெற்றி தோல்வியை வீசியவர் பெயரில்தான் எழுதுவார்கள். அவர் கணக்கில் வெற்றி எத்தனை? ஆறு. தோல்வி பன்னிரண்டு. அவருக்கு ஆடத் தெரியவில்லை என்றா சொல்வாய்?

மே 23 ஆட்டத்தை என் வீட்டில் ஒன்றாகப் பார்த்தோம். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஓரியோல்ஸ் 8, நாம் 6. ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில். பெனின்டெண்டி அடித்த பந்து உயரமாக எழும்பி உள்ளேயே இறங்கியது. இன்ஃபீல்ட் ஃப்ளை, பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். அதோடு போயிருக்க வேண்டும். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஃபீல்டரின் வழியில் இருந்தார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்தார். ஃபீல்டர் பந்தைப் பிடித்தும்விட்டார். வான் அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஆட்டம் முடிந்தது. நீ டிவியைப் பார்த்து, "அவங்க என்ன மாமா பண்ணாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட பையன்தான் இப்போது ஆடத் தெரியவில்லை என்கிறான்.

இதையெல்லாம்விட அற்பமான ஒன்று இருக்கிறது. கடைசி இடத்தில் முடித்தால் அடுத்த வருஷம் நல்ல இளம் ஆட்டக்காரரை முதலில் பொறுக்கலாம் என்று நீ ஆறுதல் சொன்னாயே. அதுவும் இல்லை. பெரிய நகரத்து டீம் இரண்டு வருஷம் அடுத்தடுத்து, முதல் இடங்களைக் குலுக்கிப் போடுகிற லாட்டரியில் இடம் எடுக்கக்கூடாது என்று விதி. 121 தோற்றும் நமக்குப் பத்தாவது இடம்தான். தோற்பதைக்கூட ஒழுங்காகத் திட்டமிடவில்லை.

இவ்வளவு நேரம் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். சௌகரியமான வேலை அது. சொல்ல வந்தது வேறு.

செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. மறுநாள் உனக்குப் பள்ளிக்கூடம். "ஒரே ஒரு நாள்க்கா, வரலாறுக்கா" என்று கெஞ்சி உன்னைக் கூட்டிப்போனேன். ரெட் லைனில் 35ஆம் தெருவில் இறங்கும்போதே கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். என்ன வரலாறு என்று நீ கேட்டாய். 120 தோல்வி ஆகியிருந்தது, ஏஞ்சல்ஸோடு அடுத்தது. 1901க்குப் பிறகு யாரும் தோற்காத 121ஐ நேரில் பார்க்கத்தான் போனோம். அதை வாய்விட்டு உன்னிடம் சொல்லவில்லை. அந்த கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக் வாங்கிக் கொடுத்தேன். மேலே சுட்ட மார்ஷ்மெல்லோ உன் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது 2-0 என்று பின்னால் இருந்தோம். அந்த வருஷம் முழுக்க, ஏழு இன்னிங்ஸுக்குப் பின்னால் இருந்த ஒரு ஆட்டத்தைக்கூட நாம் ஜெயித்ததில்லை. சுற்றிலும் "டீமை வித்துட்டுப் போ" என்று கோஷம். நானும் போட்டேன். எட்டாவதில் மூன்று ரன் வந்தது. நீ சீட்மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாய். இரண்டு வரிசை தள்ளி ஒருத்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கை தட்டினேன், தட்டினேன்தான், ஆனால் நீ திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டாய்.

3-2. வாணவேடிக்கை வெடித்தது. ரயில் ஏறும்வரை நீ பேசவில்லை. ரூஸ்வெல்ட் ஸ்டேஷன் தாண்டியதும், "மாமா, நீங்க தோக்கணும்னுதானே வந்தீங்க?" என்றாய். ராத்திரியாகிவிட்டது, நாளைக்குப் பேசலாம் என்றேன். நாளைக்கு நாம் பேசவில்லை.

மறுநாளும் ஜெயித்தார்கள், பத்து இன்னிங்ஸ். அதற்கு மறுநாள் 7-0. நிரம்பிய வெறுப்புக்கு நடுவில் மூன்று நாள் மூன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை டெட்ராய்ட்டில் 4-1 என்று தோற்று 121 வந்தது. அதே ராத்திரி அதே மைதானத்தில் டைகர்ஸ், ஆமாம் அந்த 119 டைகர்ஸ்தான், பத்து வருஷம் கழித்து பிளேஆஃபுக்குப் போனதைக் கொண்டாடினார்கள். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, சனியும் ஞாயிறும் நம்ம ஆட்கள் அங்கேயே இரண்டையும் ஜெயித்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. ஆடத் தெரியாதவர்கள் கடைசி ஆறில் ஐந்து.

ஆமாம் மாப்ளே. தோற்கணும் என்றுதான் வந்தேன். "நான் அங்கே இருந்தேன்" என்று ஆபீஸில் சொல்லிக்கொள்ள ஒரு கதை வேண்டியிருந்தது. 2005இல், நான் இந்த ஊருக்கு வந்த மறு வருஷம், சீசன் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத பொட்செட்னிக் வேர்ல்ட் சீரீஸ் இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஒன்று அடித்தார். மழைத் தூறலில் வெளித்தெருவில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான், டிக்கெட் வாங்க வக்கில்லாமல். அந்த ஆள் எப்போது இந்த ஆள் ஆனான் என்று எனக்கே தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

2025 முதல் ஆட்டம் மார்ச் 27, நம்ம மைதானத்தில், மறுபடியும் ஏஞ்சல்ஸ். இரண்டு டிக்கெட் எடுக்கிறேன். கப்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, சுற்றி இருக்கிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். குளிரில் மில்க்‌ஷேக் வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா