கடலை அளப்பதற்கு நிரந்தர நிதி வேண்டும்

ஆசிரியருக்கு,

அட்லாண்டிக் பெருங்கடலின் சுழற்சி நீரோட்டம் வெப்பத்தை வடக்கே கொண்டுபோகிறது. அங்கே குளிர்ந்து கனத்த நீர் ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. உருகும் பனியின் நன்னீர் கலந்தால் இந்த இறக்கம் தளரும். அப்படித் தளர்ந்தால் பருவமழையே தடம் மாறக்கூடும். இந்த நூற்றாண்டில் நீரோட்டம் வலுவிழக்கும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. எவ்வளவு என்பதில்தான் கணினி மாதிரிகள் முரண்படுகின்றன. அதற்கு அளவீடு வேண்டும். இந்த நீரோட்டத்தைக் கண்காணிக்கும் ராபிட் திட்டத்தின் கருவிகள் அட்லாண்டிக்கில் 26.5 பாகை வட அட்சரேகையில் தொடர்ந்து அளப்பதே 2004 முதல்தான். இயற்கையான ஏற்ற இறக்கத்தையும் நம்மால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய இது போதாது.

இத்தனைக்கும், இப்பணிக்கான பணம் பெரும்பாலும் குறுகிய கால ஆராய்ச்சி மானியமாகவே வருகிறது. வானிலை நிலையங்களை அப்படியா நடத்துகிறோம்? ஒருமுறை விட்டுப்போன ஆண்டின் அளவைப் பிறகு எடுக்கவே முடியாது. காலநிலைக் கொள்கை வகுக்கும் அரசுகள் இதற்கும் நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும்.

- ஒரு வாசகர்